பத்துச் சுற்றுக்கு நாற்பத்தொன்று

பெண்டாட்டியிடம் பொய் சொல்லத் தெரியாதவன் அப்பாவி. பொய்யை எந்த அளவில் சொல்வது என்று தெரியாதவன் அடிமுட்டாள். நான் இரண்டாவது ரகம். இதில் கூடுதல் வெட்கம் என்னவென்றால், அளவுதான் எனக்குத் தொழிலே. எடை, அளவு சரிபார்க்கும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். கடைக்காரர் தராசில் கடுகளவு வித்தியாசம் இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டில் கள்ள அளவு அளந்து கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"என்னங்க, மலை மேல இருக்குற பள்ளிக்கூடத்துலேருந்து ஆர்டர் வந்திருக்கு" என்றாள் மனைவி.

அவள் தையல்காரி. எங்கள் வீட்டு முன்னறையில் நாலு மிஷின் ஓடுகிறது. ஒன்றில் அவள், மற்ற மூன்றில் அவளிடம் வேலை செய்யும் மூன்று பெண்கள். நாலும் சேர்ந்து ஓடினால் நான் பேசுவது எனக்கே கேட்காது. நான் பேசி ஆகப்போவதும் ஒன்றுமில்லை என்பதால் இதுவரை புகார் செய்ததில்லை.

"ரொம்ப சந்தோஷம். அளவை வாங்கிட்டு வந்து இங்கயே தைச்சு அனுப்பிடு."

"அப்படி முடியாதாம். விடுதிப் பிள்ளைங்க இருநூறு பேர். நிக்க வெச்சு அளவெடுத்து, தைச்சு, போட்டுப் பார்த்து, சரி பண்ணிக் குடுத்துட்டு வரணுமாம். பத்து நாள் அங்கயே தங்கணும். மிஷின் நாலையும் வெட்டு மேசையையும் நம்ம வண்டியில ஏத்திட்டுப் போயிரலாம்."

நம்ம வண்டி. இந்த இரண்டு வார்த்தையில்தான் எனக்கு வினை வந்தது.

அது என் மாமனாருடைய பிக்கப் வண்டி. என்னைவிட மூன்று வயது மூத்தது. உருண்டை விளக்கு, வளைந்த மூக்கு, ஒரு காலத்தில் பச்சையாக இருந்த பெயிண்ட். கண் பார்வை மங்கியபோது மாமனார் சாவியை என் கையில் வைத்து, "மாப்பிள்ளை, இது உங்களுக்கு அண்ணன் முறை. மரியாதையா வெச்சுக்கங்க" என்றார். மரியாதையாகத்தான் வைத்திருக்கிறேன். வயதில் பெரியவர்களை மலை ஏறச் சொல்லக்கூடாது என்பது என் கொள்கை.

கொள்கைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மனைவிக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மேட்டில் தனியாக ஏறிக்கொண்டிருந்தேன். பாதி மேட்டில் இன்ஜின் அணைந்தது. பிரேக்கை மிதிப்பதாக நினைத்து கிளட்சை மிதித்தேன். வண்டி பின்னால் போனது. உயிர் மேலே போனது. முப்பதடி உருண்டு, ஒரு வேலியை முறித்து, ஒரு கோழிக்கூட்டில் போய்ச் சாய்ந்து நின்றது. கோழிகள் கத்தின. நானும் கத்தினேன். யார் சத்தம் பெரிசு என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து, "நிறுத்தியிருந்த வண்டியில எவனோ இடிச்சுட்டுப் போயிட்டான்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஆபீஸ் வாசலில் இருக்கும் சின்னச் சரிவில்கூட வண்டியை ஏற்றுவதில்லை. தெருவில் விட்டுவிட்டு நடந்து போகிறேன். கேட்டால் உடற்பயிற்சி என்பேன்.

பயமாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா? மீசை எதற்கு இருக்கிறது? ஆகவே தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"இந்த வண்டி மலை ஏறாது."

"ஏன் ஏறாது?"

"பின்னச்சு விகிதம்னு ஒண்ணு இருக்கு. உனக்குச் சொன்னாப் புரியாது."

"நாலு மிஷின் வெச்சிருக்கேன். பெரிய சக்கரம் ஒரு சுத்து சுத்தினா சின்னச் சக்கரம் எத்தனை சுத்து சுத்தும்னு காலாலயே சொல்வேன். எனக்குப் புரியாதா?"

"அதேதான் இதுவும். இன்ஜின்லேருந்து ஒரு தண்டு பின்பக்கம் போகுதில்ல, அது எத்தனை சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து சுத்துதுன்னு ஒரு கணக்கு. தண்டு நிறையச் சுத்தினா மலை ஏறுற வண்டி. கொஞ்சமாச் சுத்தினா ரோட்டுல ஓடுற வண்டி. நம்மளுது ரோட்டு வண்டி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியும்."

"அளந்தீங்களா?"

இருபத்திரண்டு வருஷமாகக் கடைக்காரர்களைப் பார்த்து நான் கேட்கும் கேள்வி. எதிர்ப்பக்கம் நின்று கேட்டால் இப்படிச் சுடும் என்று அன்றுதான் தெரிந்தது.

"அளந்து சொல்றேன்" என்றேன். வேறு வழியில்லை.

மறுநாள் பட்டறைக்காரரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒரு வேனுக்கு அடியிலிருந்து கால்களால் பேசினார். முகம் தெரியவில்லை.

"பின்னச்சு நடுவுல பூசணிக்காய் மாதிரி ஒரு உருண்டை இருக்குமில்ல சார், அதுல ஒரு போல்ட்டுல சின்னத் தகடு மாட்டியிருக்கும். நம்பர் அடிச்சிருப்பான்."

"தகடு இல்லையே."

"விழுந்திருக்கும். அப்ப மூடியைத் திறந்து பல்லை எண்ணணும். பெரிய சக்கரத்துப் பல்லை சின்னதோட பல்லால வகுத்தா விடை. இல்லாட்டி சுத்திப் பார்த்து எண்ணணும். மூணு சொச்சம் வந்தா ரோட்டு வண்டி. நாலுக்கு மேல வந்தா மலை வண்டி, மாடு மாதிரி இழுக்கும்."

"சுத்திப் பார்க்குறது எப்படி?"

"ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியில தூக்குங்க. கியரை நியூட்ரல்ல போடுங்க. சக்கரத்தைக் கையால ரெண்டு சுத்து சுத்துங்க. ரெண்டு, மறந்துராதீங்க. இன்னொரு சக்கரம் தரையில சும்மா நிக்கிறதால, ஒரு சுத்து மட்டும் சுத்தினா தண்டு பாதிக் கணக்குதான் காட்டும். நிறையப் பேரு இதுல ஏமாந்துருவாங்க."

அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி துணிக்கடைக்குப் போயிருந்தாள். பின்பக்க வலது சக்கரத்தைத் தூக்கினேன். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தண்டில் ஒரு கோடு. தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மூன்று சொச்சம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டே சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினேன்.

தண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றியது. மூன்றில் நின்றிருந்தால் அதற்குக் கோயில் கட்டியிருப்பேன். நிற்கவில்லை. நாலு முழுச் சுற்று சுற்றி, அதற்கு மேலும் கொஞ்சம் நகர்ந்து நின்றது.

மலை வண்டி! மாடு மாதிரி இழுக்கும் வண்டி! தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். மாடு கடித்துவிட்டது.

அப்படியே தரையில் கிடந்தேன். நெற்றியில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. கூடவே ஒரு யோசனையும் விழுந்தது. ஒரு சுற்று சுற்றினால் பாதிதானே காட்டும்?

மனைவி வரும்வரை ஜாக்கியைக் கழற்றாமல் காத்திருந்தேன்.

"வா, உன் கண்ணாலயே பாரு. நாளைக்கு நான் பொய் சொன்னேன்னு ஆயிரக்கூடாது. நான் சக்கரத்தைச் சரியா ஒரு சுத்து சுத்தறேன். நீ தண்டைப் பார்த்து எண்ணு."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். நான் நிதானமாக, நேர்மையே உருவாக, சக்கரத்தை ஒரே ஒரு சுற்று சுற்றினேன்.

"ரெண்டு. ரெண்டுக்கு மேல ஒரு துளி" என்றாள்.

"ரெண்டா!" நான் நெஞ்சில் கை வைத்தேன். "மூணு இருந்தாக்கூட ஒரு கை பார்த்திருப்பேன். ரெண்டுங்குறப்ப மனுஷன் என்ன பண்ண முடியும்? பாவம், உன் ஆர்டர்."

"அந்தப் பக்கச் சக்கரம் ஏன் சுத்தலை?"

"அது... ஓய்வுல இருக்கு."

"ஒரு அச்சுல ரெண்டு சக்கரம். ஒண்ணு வேலை பார்க்குது, ஒண்ணு ஓய்வெடுக்குது."

"ஆமா."

"நம்ம வீடு மாதிரி" என்றாள். பிறகு "ம்" என்றாள்.

என் மனைவியின் 'ம்' ஒன்றுக்கு ஏழு அர்த்தம் உண்டு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஏழையும் கரைத்துக் குடித்திருக்கிறேன். அன்று அவள் சொன்னது எட்டாவது. அது தெரியாமல் ராத்திரி நிம்மதியாகக் குறட்டை விட்டேன்.

மூன்று நாள் மலைப் பேச்சே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரை விரித்தேன்.

"என்னங்க, வாசல் கழுவணும். வண்டியை அந்தக் கோடி வீட்டு மரத்தடி வரைக்கும் நகர்த்தி விடுங்க."

"சரி, ஸ்டார்ட் பண்றேன்."

"ஐயோ வேணாம். துணி காயப் போட்டிருக்கேன், புகை அடிக்கும். சமமான தெருதானே, தள்ளினாப் போகுது."

பக்கத்து வீட்டு அக்காவும் வாசலில் நின்றிருந்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரைக் கண்டக்டர் அக்கா என்றுதான் கூப்பிடும். அவர் முன்னால் மாட்டேன் என்று சொல்வது கௌரவக் குறைச்சல். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அண்ணன் முறை அசைந்து கொடுத்தது.

கண்டக்டர் அக்கா பின் சக்கரத்தை ஒட்டியே நடந்து வந்தார். என் மனைவி வண்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டே வந்தாள்.

"நீ என்ன பண்றே அங்கே?"

"எண்ணெய் ஒழுகுதான்னு பார்க்குறேன். நீங்க தள்ளுங்க."

"ரெண்டு... மூணு..." என்றார் கண்டக்டர் அக்கா.

"என்னக்கா எண்ணுறீங்க?"

"பழக்க தோஷம் தம்பி. எது நகர்ந்தாலும் எண்ணத் தோணுது. போகலாம் ரைட்!"

ரைட் என்று சொன்னால் எந்த மனிதனும் போய்த்தான் ஆக வேண்டும். வேர்த்து விறுவிறுக்கத் தள்ளினேன். எழுபது அடி தள்ளியிருப்பேன்.

"பத்து. ஹோல்டான்!" என்று அக்கா ஒரு சத்தம் போட்டார். பாய்ந்து பிரேக்கை மிதித்தேன்.

"நாப்பத்தொண்ணு" என்றாள் என் மனைவி.

நான் இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். டயரில் வெள்ளைக் கோடு, துணியில் குறி போடும் அவளுடைய சாக்கால் போட்டது. வண்டிக்கு அடியில் தண்டைச் சுற்றி ஒரு சிவப்பு ரிப்பன், கொசுவம் வைத்து அழகாகக் கட்டியிருந்தது. என் மனைவி முழங்கையில் இருந்த தூசியைத் தட்டினாள்.

"சக்கரம் பத்துச் சுத்து. தண்டு நாப்பத்தொரு சுத்து. அப்ப ஒண்ணுக்கு எத்தனை?"

"நா... நாலு புள்ளி ஒண்ணு."

"நான் பார்த்த ரெண்டு எங்க போச்சு?"

"அது வந்து..."

"தரையில ரெண்டு சக்கரமும் சேர்ந்து உருண்டா எதுவும் ஓய்வெடுக்க முடியாதுங்க. வியாழக்கிழமை பட்டறைக்காரர்கிட்ட போய் ரெண்டுன்னு சொன்னேன். சிரிச்ச சிரிப்புல ஸ்பானரைத் தன் மூக்கு மேலயே போட்டுக்கிட்டாரு. 'ரெண்டுல ஓடுறது சைக்கிள்தான்மா'ன்னாரு. மூணு சொச்சம்னு சொல்லியிருந்தீங்கன்னா நானும் நம்பியிருப்பேன்."

பாருங்கள், அளவு. பொய்யிலும் அளவு வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள்கூட இருக்கலாம். இரும்புப் பூசணிக்காயை மறைக்கப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

"எடை அளவு ஆபீஸர் வீட்டுலயே கள்ள அளவா!" என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் அக்கா தன் வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளே போய்ச் சிரித்தது தெருவுக்கே கேட்டது.

மனைவி வண்டியின் பின்பலகையைத் திறந்து அதில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தேன். தூக்குத் தண்டனைக் கைதிக்கு இடம் காட்டினால் இப்படித்தான் உட்காருவான்.

"அச்சுல ஒரு குறையும் இல்லைங்க" என்றாள். "அச்சம்தான் கூடுதலா இருக்கு."

நான் பின்பலகைக் கொக்கியை நோண்டினேன்.

"கோழிக்கூடு எனக்குத் தெரியும்."

தூக்கிவாரிப் போட்டது. "யா... யார் சொன்னா?"

"அந்தக் கோழிக்காரம்மா. அடுத்த வாரமே என்கிட்ட ரவிக்கை தைக்க வந்தாங்க. 'உங்க வீட்டுக்காரர் இப்ப எப்படி இருக்காரு, அன்னிக்கு ரொம்பக் கத்தினாரே'ன்னு விசாரிச்சாங்க. வேலியைக் கட்டிக் குடுத்தது யாருன்னு நினைச்சீங்க? நானும் அக்காவும்தான்."

"ரெண்டு வருஷமாத் தெரியுமா? ஏன் ஒரு வார்த்தை கேட்கலை?"

"நீங்களாச் சொல்வீங்கன்னு பார்த்தேன்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி சொன்னாள். அதனால் எனக்கு உண்மை வந்துவிட்டது.

"பயமா இருக்கும்மா. மேட்டைப் பார்த்தாலே கால் எது, பிரேக் எதுன்னு மறந்துபோயிடுது. அன்னிக்கு நீயும் வண்டியில இருந்திருந்தா என்னாகியிருக்கும்னு நினைச்சு நினைச்சு எத்தனை நாள் தூங்காம இருந்திருக்கேன் தெரியுமா? உன்னையும் வெச்சுக்கிட்டு மலையில அப்படி ஆச்சுன்னா..."

சொல்லி முடித்ததும் எனக்கே ஆச்சரியம். இரண்டு வருஷமாக நெஞ்சின் மேல் நின்றிருந்த வண்டியை யாரோ நியூட்ரலில் போட்டு நகர்த்திவிட்ட மாதிரி இருந்தது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா எழுபது அடி தள்ளுற வேலை மிச்சம்" என்றாள். "பயந்துக்கிட்டே ஓட்டுங்க. பயந்தவங்கதான் மெதுவாப் போவாங்க. நான் பக்கத்துல இருக்கேன். சனிக்கிழமை கிளம்புறோம்."

அந்த வாரம் முழுக்க வண்டியைச் சமதெருவில் நிறுத்தி, இன்ஜினைப் போடாமல், கண்ணை மூடிக்கொண்டு பிரேக், கிளட்ச், பிரேக், கிளட்ச் என்று மிதித்துப் பழகினேன். மனைவி சாமான் கட்டுகிறேன் என்று முன்னறையைப் பூட்டியே வைத்திருந்தாள். மிஷின் சத்தம் இல்லாத வீட்டில் பேப்பர் படிப்பது எவ்வளவு சுகம்!

சனிக்கிழமை காலையில் என்னை முடி வெட்டிக்கொள்ள அனுப்பினாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிறபோது மனுஷன் மாதிரி இருக்க வேண்டுமாம். திரும்பி வந்தால் லோடு ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி வண்டி தயாராக நின்றது. முடிச்செல்லாம் கண்டக்டர் அக்காவின் கைவேலை.

"எனக்காகக் காத்திருக்கக் கூடாதா? நாலு மிஷினையும் எப்படித் தூக்கினீங்க?"

"பொண்ணுங்க மூணு பேரும் கை குடுத்தாங்க. அவங்க பஸ்ஸுல போயாச்சு. கயித்தைத் தொடாதீங்க, மறுபடி கட்ட யாராலயும் ஆகாது."

வண்டியைச் சுற்றி வந்தேன். அத்தனை சுமைக்கும் ஸ்பிரிங் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. பழைய இரும்பு என்றால் பழைய இரும்புதான் என்று பாராட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

மலையடிவாரத்தில் ஒரு பலகை. வளைவுகள் பன்னிரண்டு என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் உள்ளங்கையிலிருந்து வேர்வை ஸ்டியரிங்கில் வழிந்தது. இரண்டாவது கியருக்கு மாற்றினேன். வண்டி ஒரு முனகல் முனகி ஏற ஆரம்பித்தது. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் என் கண் தேடித் தேடிப் பார்த்தது.

"ரோட்டைப் பாருங்க."

"பார்க்குறேன்."

"அது ரோடு இல்லைங்க, பள்ளத்தாக்கு."

ஆறு வளைவு தாண்டினோம். ஏழாவதில் திரும்பினால், எதிரே ஒரு பஸ். மொத்த வளைவையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. நிறுத்துவதைத் தவிர வழியில்லை. சரியான செங்குத்து. இரண்டு வருஷமாக நான் கனவில் கண்டு அலறிய அதே இடம்.

"பிரேக்கை மிதிங்க" என்றாள் மனைவி, தலையணை உறைக்கு அளவு சொல்வது போல. "நடுவுல இருக்கறது. அது கிளட்ச். அதுக்குப் பக்கத்துல. ஆங், அதேதான். கைப்பிரேக்கையும் இழுங்க."

வண்டி நின்றது. அவள் கதவைத் திறந்து இறங்கினாள். காலடியிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைத் தள்ளிக் காலால் ஓர் உதை கொடுக்கும் சத்தம் கேட்டது. பஸ் எங்கள் கண்ணாடியை முத்தமிடுகிற மாதிரி உரசிக்கொண்டு இறங்கிப் போனது.

"இப்ப எடுங்க! எங்கயும் போகாது, நான் பின்னாடிதான் நிக்கிறேன்!"

அவள் பின்னால் நிற்கிறாள் என்று கேட்டதும் எனக்குக் கோழிக்கூடு ஞாபகம் வந்தது. காலுக்கு என்னவோ சரியான வழி தெரிந்தது. முதல் கியர் போட்டேன். இன்ஜினை உறும விட்டேன். கிளட்சை மெல்ல, மெல்ல விட்டேன். வண்டி ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தது. கைப்பிரேக்கை இறக்கினேன்.

போனது. முன்னால் போனது! நூலளவுகூடப் பின்வாங்கவில்லை. பத்துக்கு நாற்பத்தொன்று மலையைக் கயிறு போட்டு இழுப்பது மாதிரி இழுத்தது. கொஞ்சம் சமமான இடம் பார்த்து நிறுத்தினேன். கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடி வந்து அவள் ஏறினாள். நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டு, "இன்னும் அஞ்சு வளைவு இருக்கு" என்றாள்.

அந்த ஐந்து வளைவும் என்னைப் பொறுத்துக்கொண்டது அவளுடைய பெரிய மனசு.

"நாலு மிஷினு! வெட்டு மேசை! துணி மூட்டை! எப்படி இழுக்குது பார்த்தியா?"

"பார்த்தேன்."

"வண்டி பாதிதான். ஓட்டுற கைதான் மீதி. இத்தனை கனத்தை வெச்சுக்கிட்டுச் சரிவுல நிறுத்தி எடுக்குறதுன்னா சும்மாவா?"

"சும்மா இல்லைங்க."

"வேற எவனாவது இருந்திருந்தா?"

"கோழிக்கூட்டுல போய் நின்னிருப்பான்" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்க முடிந்தது. அதுவே பெரிய விஷயம்.

பள்ளிக்கூட வாசலில் விடுதிப் பொறுப்பாளர் அம்மா எங்களை எதிர்கொண்டார். நான் வண்டியின் மூக்கைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இறங்கினேன்.

"முழு லோடும்மா! வழியில செங்குத்துல நிறுத்தி எடுத்தேன். மிஷின் ஒண்ணுகூட அசைஞ்சிருக்காது."

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "மிஷினா? அதான் புதன்கிழமையே எங்க பள்ளிக்கூட வண்டியில வந்திருச்சே. பொண்ணுங்களும் அன்னிக்கே வந்து அளவெடுத்துத் தைக்க ஆரம்பிச்சுட்டாங்க."

அப்போதுதான் என் காதில் விழுந்தது. கூடத்துக்குள்ளிருந்து மூன்று மிஷின் ஓடும் சத்தம். பெற்ற பிள்ளை அழுகையை மறந்தாலும் அந்தச் சத்தத்தை மறப்பேனா? ஓடிப் போய்க் கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயைத் தூக்கினேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு காலி அட்டைப்பெட்டி. ஒரு பாய். இரண்டு தலையணை.

"என்னம்மா இது?"

"லோடு இருக்குன்னு நினைச்சாத்தான் நீங்க வருவீங்க. லோடு இல்லைன்னாத்தான் வண்டி லேசா ஏறும். ரெண்டும் வேணுமில்லைங்க?"

நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ நிம்மதி. ஏழாவது வளைவில் ஏதாவது ஆகியிருந்தால் நாலு மிஷினும் பள்ளத்தாக்கில் தைத்துக்கொண்டிருக்கும். எதுவும் ஆகவில்லை. நான் மலை ஏறிவிட்டேன். அவளும் பக்கத்தில் முழுசாக நிற்கிறாள். காலிப் பெட்டியாக இருந்தால் என்ன, மலை என்னவோ நிஜ மலைதானே?

"சரி, நான் இறங்கறேன். திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கு" என்றேன், பெருந்தன்மையாக.

"இல்லைங்க. உங்களுக்குப் பத்து நாள் லீவு சொல்லியாச்சு. உங்க மேலதிகாரி வீட்டம்மா என்கிட்டதானே தைக்குறாங்க, அவங்க மூலமாச் சொல்லிட்டேன். நம்ம ரெண்டு பேருக்கும் இங்க ஒரு ரூம் குடுத்திருக்காங்க."

எனக்கு நெகிழ்ந்துவிட்டது. இத்தனை பொய் சொன்ன புருஷனுக்கு மலைக்காற்றும் பத்து நாள் ஓய்வும் ஏற்பாடு செய்திருக்கிறாள். பெண் என்றால் இவளல்லவா பெண் என்று பூரித்து நின்றேன்.

அப்போது பொறுப்பாளர் அம்மா என் மனைவியிடம் கேட்டார்: "ஏம்மா, இருநூறு பிள்ளைங்க துணிக்கும் இஸ்திரி போட ஒரு ஆளைக் கொண்டு வரேன்னீங்களே, மறந்துட்டீங்களா?"

"மறப்பேனாம்மா? இன்னிக்கு லோடே அதுதானே" என்றாள் அவள்.

யாரைச் சொல்கிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் மலை மட்டும்தான் இருந்தது.